திரையில் ஓடிய கறுப்பு நூல்

மேலத்துறையில் யாராவது செத்தால், கோயில் மணி அடிக்கச் சொன்ன கையோடு ஆள் போவது யேசுரத்தினத்தின் வீட்டுக்குத்தான். பெட்டி செய்கிறவனுக்குக்கூட அதற்கு அப்புறம்தான் சொல்வார்கள். ஊரில் பாதி வீட்டு ஆண்கள் தோஹாவிலும் மஸ்கட்டிலும் கிடந்தார்கள். அப்பன் செத்தாலும் அம்மை செத்தாலும் அரபி லீவு கொடுத்தால்தானே வர முடியும்? வர முடியாதவனுக்கு அடக்கத்தை சி.டி.யில் போட்டு அனுப்ப வேண்டும். ஒருமுறை குளச்சலிலிருந்து வேறொருத்தனைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவன் பெட்டியை எடுத்தான், சாமியாரை எடுத்தான், குழியை எடுத்தான், அழுகையை எடுக்கவில்லை. மகன்காரன் தோஹாவிலிருந்து போன் போட்டு, எனக்க அம்மைக்கு அழ ஊர்ல ஒருத்தருமே இல்லியா என்று கேட்டானாம். அதோடு குளச்சல்காரன் கதை முடிந்தது.

யேசுரத்தினம் அப்படி விடுகிற ஆள் இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு சாவு விழுந்த துட்டி வீட்டுக்குள் அவர் நுழைந்தால் பங்குச் சாமியாரே ஓரடி ஒதுங்கி நிற்பார்.

"ஏட்டி, நீ தள்ளி நில்லு, உனக்க கொண்டை மறைக்கி. மூத்த மருமவ எங்க? இஞ்ச வா. பெட்டிமேல விழு. இப்படியா விழுவாவ? சவத்துக்கு நோவும்னு பயமா? நல்லா விழு."

அழுது ஓய்ந்து மூலையில் சாய்ந்தவளை எழுப்பி மறுபடியும் அழச் சொல்வார். "நீ அழுதப்பம் டேப்பு தீந்துபோச்சு மக்கா. ஒருக்கா கூட அழு. உனக்க அண்ணன் பாப்பான்லா." அவளும் அழுவாள். அதுதான் அதிசயம். அந்த மனுஷன் சொன்னால் அழுதுவிடுவார்கள்.

கையில் தொழில் இருந்தது, வாயில் சனி இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வட்டப்பேர் வைத்தவர் அவர்தான். வாத்து மாதிரி காலை அகட்டி நடக்கிற உபதேசியாருக்கு அந்த வாத்தின் பேரையே, 'தாறா' என்று வைத்தார். உபதேசியார் செத்து, கல்லறையில் பேர் வெட்டிய பிறகும் அது தாறாவின் கல்லறைதான். அதைவிட மோசம், அவர் கண்ணி வைக்கிற விதம். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கேட்பார். ஒருநாள் லிஜினைப் பிடித்து, குருசடியைக் காட்டி, "ஏலே, மாதா சொரூபம் கொஞ்சம் சாஞ்சிருக்கே, உனக்குத் தெரியுதா?" என்றார். லிஜின் மோட்டார் படகில் போகிற பையன், வெள்ளை மனசு. உற்றுப் பார்த்துவிட்டு, "இல்லியே மாமா" என்றான். "அப்பம் நீதாம்லே சாஞ்சு நிக்க. ராத்திரி குடிச்சது இன்னும் இறங்கல்ல" என்றார். பக்கத்தில் சிலுவை என்பவன் நடத்துகிற சாயக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். லிஜினுடைய கல்யாணப் பேச்சு ஒன்று அந்தச் சிரிப்பிலேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு யேசுரத்தினம் எதைக் காட்டி 'தெரியுதா' என்று கேட்டாலும், 'ஆமா மாமா, தெரியுது' என்றுவிட்டு நடையைக் கட்டுவது ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. தெரியவில்லை என்றவன் மாட்டிக்கொள்வான். ஆமாம் என்றவன் தப்பிப்பான்.

இனி ஜெஃப்ரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜங்சனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். நாகர்கோவிலில் ஹார்டுவேர் படித்துவிட்டு வந்தவன். பலகையில் 'ஜெஃப்ரின் கம்ப்யூட்டர்ஸ்' என்று நீலத்தில் எழுதியிருந்தது. ஊரில் ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்லை. 'ஈருள்ளிக் கடை' என்றுதான் சொல்வார்கள்.

ஈருள்ளி என்றால் வெங்காயம். அந்தப் பேர் வந்த கதை இது. ஜெஃப்ரின் படித்துக்கொண்டிருந்தபோது அவன் அம்மை செத்தாள். திடீர் சாவு. காலையில் மீன் வாங்கப் போனவளை மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனுக்குக் கண்ணீர் வரவில்லை. சிலருக்கு அப்படித்தான், நெஞ்சு அடைத்துக்கொள்ளும், கண் வறண்டு கிடக்கும். அண்ணன் மஸ்கட்டில். யேசுரத்தினம் கேமராவைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே வைத்தார். காத்திருந்தார். பிறகு கேமராவைத் தாழ்த்தாமலே தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி ஞானபாய், வீட்டுல ஈருள்ளி இருந்தா ரெண்டு உரிச்சு எடுத்துட்டு வா. இவனுக்குக் கண்ணுல பிழிஞ்சு விடணும்."

துட்டி வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எல்லாரும் அடக்கினார்கள், முடியவில்லை. அந்தச் சிரிப்பும் டேப்பில் விழுந்தது. இன்றைக்கும் மஸ்கட்டில் அண்ணன் வீட்டில் அந்த சி.டி. இருக்கிறது. அம்மையின் பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஊர் சிரித்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஜெஃப்ரின், கல் மாதிரி.

அப்புறம் அவன் ஈருள்ளிதான். பெண் பார்க்க வந்தவர்கள்கூட 'ஈருள்ளி வீடு எது' என்று விசாரித்துத்தான் வந்தார்கள்.

இருந்தாலும் யேசுரத்தினத்தின் கம்ப்யூட்டர் படுத்தால் அவன்தான் போக வேண்டும். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. முதல் தடவை உண்மையிலேயே, திரைக்குப் படத்தை அனுப்புகிற கார்டுதான் கெட்டது. ரெண்டாயிரத்து ஆறு, ஆனிச் சாரல் நேரம். திரையில் பச்சைப் பச்சையாகக் கோடு. அழுகிற முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டி யேசுரத்தினம் மிக்ஸிங் பண்ணுகிற அறை கடலைப் பார்த்த அறை. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று நேரே கம்ப்யூட்டருக்குள்தான் போகும்.

ஜெஃப்ரின் அவசரப்படுகிறவன் இல்லை. படம் கெட்டால் குற்றம் நாலு இடத்தில் இருக்கலாம்: மானிட்டர், ஒயர், கார்டு, மதர்போர்டு. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். மானிட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் வேறொன்றில் மாட்டினான், படம் சுத்தம். ஒயரை மாற்றினான், கோடு போகவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். கார்டின் சின்ன ஃபேன் சுற்றவே இல்லை, உப்பும் தூசியும் சேர்ந்து அப்பிக் கிடந்தது. கார்டைக் கழற்றி, அதன் செம்புப் பல்லைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினான். கோடு போயிற்று. பெட்டி சூடானதும் திரும்பி வந்தது. கார்டின் மேலே நிற்கிற குட்டி உருளைகள் தலை வீங்கி வெடிக்கப் பார்த்தன. கடைசியாக அந்தக் கார்டைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். அங்கேயும் பச்சைக் கோடு. தன் கார்டை இங்கே போட்டான்; படம் சுத்தம். அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"கார்டுதான் மாமா. மாத்தணும்."

"இதைச் சொல்லதுக்கு இத்தனை பாடா? செத்தவனை டாக்டரு தொட்டுத் தொட்டுப் பாக்குறது மாதிரில்லா பாத்த" என்றார் யேசுரத்தினம். ஆனால் மாற்றினார். புதுக் கார்டு போட்டதும் படம் தெளிந்தது.

மறு வருஷம் ஈஸ்டர் கழிந்து ஒருநாள் கடைக்கு வந்தார்.

"ஏலே ஈருள்ளி, கார்டு பின்னயும் போச்சு. இப்பம் பச்சை இல்ல, கறுப்பு. நூலு மாதிரி ஓடுது. அப்பப்பம் ஈ மொய்க்குத மாதிரி புள்ளி."

ஜெஃப்ரின் போனான். திரையில் யாரோ ஒரு கிழவியின் அடக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது படம். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"தா போவுது பாரு. தா. தெரியுதா?"

யேசுரத்தினத்தின் விரல் திரைமேல் எதையோ துரத்திக்கொண்டு போயிற்று. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஜெஃப்ரின் உஷாரானான். கண்ணி, வேறென்ன? தெரியவில்லை என்று சொன்னால் தீர்ந்தது, சாயங்காலம் சிலுவையின் சாயக்கடையில் நின்று, 'கம்ப்யூட்டரு பாக்க வந்தவனுக்குக் கண்ணு அவிஞ்சு கிடக்கு' என்று ஆரம்பித்துவிடுவார்.

"ஆமா மாமா, தெரியுது" என்றான்.

சிரிப்பார் என்று காத்திருந்தான். அவர் சிரிக்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார்.

"பாத்தியா, உனக்கும் தெரியுது. ஞானபாய் ஒண்ணுமே இல்லங்கா. எனக்க கண்ணுதான் கொள்ளாதாம், ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம்."

அப்போதுதான் ஜெஃப்ரினுக்கு உறைத்தது. இது கண்ணி இல்லை. அவன் படித்த முறைப்படியே கழித்துக்கொண்டு வந்தான். மானிட்டரில் குற்றமில்லை, ஒயரில் இல்லை, கார்டில் இல்லை. சும்மா சோதிக்கிற மாதிரி திரையை அணைத்தான். யேசுரத்தினம் வெள்ளைச் சுவர் பக்கம் திரும்பினார்; அங்கேயும் கையை வீசி ஈ ஓட்டினார். அவர் கண் போகிற பக்கமெல்லாம் அந்த நூலும் போயிற்று. குற்றம் இருக்கக்கூடிய இடம் இனி ஒன்றுதான் பாக்கி. அது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

யேசுரத்தினத்துக்குச் சர்க்கரை என்பது ஊருக்கே தெரியும். கால் விரலில் ஒரு புண் வருஷக்கணக்கில் ஆறாமல் இருந்தது. துட்டி வீட்டில் சாயா போட்டால் இனிப்புக் கூட வேண்டும், கல்யாண வீட்டில் முந்திரிக்கொத்து பை நிறைய வேண்டும். மாத்திரையை ஞானபாய் எடுத்து நீட்டினால், 'எனக்கு அடக்க வீடியோ எடுக்கதுக்கு வேற ஆளு இல்ல, அதனால நான் சாவமாட்டேன்' என்பார்.

எல்லாம் ஜெஃப்ரினுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் உள்ளே ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. மறைப்பானேன், சந்தோஷம்தான். அத்தனை பேரை ஏமாற்றிய மனுஷன், தானாகவே வந்து, தன்னையே ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'புதுக் கார்டு வரவழைக்கணும் மாமா' என்று சொல்லிவிட்டு நேரே சாயக்கடைக்குப் போனான்.

விஷயத்தைக் கேட்டுச் சிலுவை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாயா வடிகட்டி கீழே விழுந்தது. மறுநாளிலிருந்து ஆள் மாற்றி ஆள் கோடு பார்க்கப் போனார்கள். லிஜின் போனான். "எனக்கு ரெண்டு நூலு தெரியுது மாமா. ஒண்ணு கொஞ்சம் தடி" என்றான். சிலுவை போய், ரொம்ப நேரம் மூக்கைத் திரையில் ஒட்டவைத்து நின்றுவிட்டு, "இது சாதாரணக் கோடு இல்ல. கெட்ட கோடு" என்று சொல்லிவிட்டு வந்தான். யேசுரத்தினம் அவர்களுக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தார். பாவம், சாட்சி கிடைத்த சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து ஜெஃப்ரின் கார்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதையே துணியால் துடைத்து, புதுக் கார்டு என்று திரும்பக் கொண்டுவந்து மாட்டினான். "கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றார் அவர். பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் நூல். மறுபடியும் கழற்றல், துடைத்தல், மாட்டல். மழைக்காலம் முழுக்க ஊருக்கு இதுதான் பொழுதுபோக்கு.

ஒருநாள் மட்டும் அவர் வேறு மாதிரி வந்தார். குரல் தணிந்திருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"மக்கா, ஒண்ணு கேக்கேன், சிரிக்காத. கடக்கரையில நிக்கப்பமும் அந்த நூலு தெரியுது. வானத்துல. கம்ப்யூட்டரு இல்லாத எடத்துல எப்பிடிலே தெரியும்?"

அந்த மனுஷன் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. பயந்திருந்தார். இவன் 'ஆஸ்பத்திரிக்குப் போங்க மாமா' என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். பஸ் ஏறியே போயிருப்பார். ஜெஃப்ரின் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"வெல்டிங் தீயைப் பாத்தா ரொம்ப நேரம் கண்ணுல நிக்கும்லா மாமா? அது மாதிரியாக்கும். கார்டு கோளாறு கண்ணுல பதிஞ்சிருக்கு. கார்டு செரியாச்சுன்னா அதுவும் போயிரும்."

யேசுரத்தினம் நிம்மதியாக எழுந்துபோனார். கொலைகாரன்கூட இவ்வளவு சாவகாசமாகக் கத்தி தீட்டமாட்டான்.

புரட்டாசி வந்தது. ஒருநாள் சாயக்கடையில் சிலுவை நீட்டிய கிளாஸை வாங்க யேசுரத்தினம் கையை நீட்டினார். கிளாஸ் ஒரு பக்கம் இருந்தது, கை வேறு பக்கம் போயிற்று. விரல்கள் வெறும் காற்றைப் பிடித்தன. சாயா மடியில் கொட்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெஃப்ரினுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கையை அவன் பார்த்திருந்தான். வேடிக்கை எங்கே போய் நிற்கிறது என்று அப்போதுதான் பயம் பிடித்தது. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனான்.

"மாமா, கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்ல. ஆரம்பத்துலேருந்தே இல்ல. கோடு உங்களுக்குக் கண்ணுலயாக்கும். நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

யேசுரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"யாருட்டலே? ஏலே, இந்த ஊருக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்ததே நானாக்கும். கார்டைச் செரியாக்கத் தெரியல்ல, பழியை எனக்க கண்ணுல போடுகியா?"

"சத்தியமா மாமா. எனக்க அம்மை மேல ஆணை."

"அம்மை செத்தப்பம் ஒரு பொட்டுக் கண்ணீரு வரல்ல. இப்பம் பொய்ச் சத்தியத்துக்கு மட்டும் அம்மை வேணுமோ உனக்கு?"

ஜெஃப்ரினுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யேசுரத்தினம் அதோடும் விடவில்லை. ஜன்னல் வழியே லிஜினின் குரல் கேட்டது, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். "ஏலே லிஜின், இஞ்ச வா. வந்து இவனுக்க முன்னால சொல்லு. கோடு தெரியுதா, இல்லியா?"

லிஜின் உள்ளே வந்து திரையைப் பார்த்தான். ஜெஃப்ரின் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். லிஜின் அதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு இவனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"தெரியாம என்ன மாமா? நேத்தைக்கு விட இண்ணைக்குக் கூடுதல்லா."

"கேட்டியாலே ஈருள்ளி?"

சமையலறை வாசலில் ஞானபாய் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "வருத ஞாயித்துக்கெழமை கோயில் பள்ளிக்கூடத்துல கண்ணு பாக்குத கேம்ப் இருக்கு. காசு கீசு ஒண்ணும் இல்ல. சும்மா வந்து காட்டிட்டுப் போங்களேன்" என்றாள். "ரெண்டு சாட்சி சொல்லியாச்சு. நீ எனக்குக் கண்ணு அவிய நேர்ச்சை வச்சிருக்கியா?" என்றார் யேசுரத்தினம்.

ஜெஃப்ரின் படியிறங்கி நடந்தான். ஞானபாய் பின்னாலேயே வேலிவரைக்கும் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"மக்கா, எனக்குப் பயமாட்டு இருக்கு. நீ சொன்னது மெய்தானா? நீ மெய்யின்னு சொன்னா நான் காலைப் புடிச்சு இழுத்துட்டாவது கொண்டுபோவேன்."

நல்ல பெண்பிள்ளை. அவன் அம்மை செத்த அன்றைக்கு, புருஷன் கேட்ட உள்ளியை எடுத்து வராமல் கொல்லைப்புறம் போய் நின்றவள். ஜெஃப்ரினுக்கு அது தெரியும். இருந்தும், உள்ளே யேசுரத்தினத்தின் சிரிப்பும் லிஜினின் சிரிப்பும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. இவனுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

"எனக்கென்ன மாமி தெரியும்? நான் ஈருள்ளிதானே" என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கண் டாக்டர்கள் வேனில் வந்தார்கள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் நீள வரிசை. ஞானபாய் முதல் ஆளாகப் போய் இடம் பிடித்துவிட்டு, தன்னைத் தாண்டி ஒவ்வொருத்தராக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புருஷன் வரவில்லை. மத்தியானம் வேன் கிளம்பிப் போயிற்று. அவள் கோயிலுக்குள் போய் முழங்காலில் இருந்தாள்.

கார்த்திகையில் ஏசுஅடிமை செத்தார். மூன்று விசைப்படகு வைத்திருந்த பெரிய ஆள். மகன்கள் இருவரும் மஸ்கட்டில். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நெரிந்தது. பெட்டியை இறக்கப் போகிற நேரம். யேசுரத்தினம் குழிக்கு எதிரே கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றார். திடீரென்று கேமராவைக் கீழே இறக்கினார்.

"யாருலே சிவப்புத் துணியைக் கொண்டுவந்து மூடினது? எடுங்கலே."

துணியும் இல்லை, ஒன்றும் இல்லை. கூட்டத்தில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தார்கள். அவர் சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தார். கண்ணைக் கசக்கினார். "ஏலே, விளையாடாதீங்கலே, சாமியாரு நிக்காரு. எடுங்க துணியை." குரல் உடைந்தது. அது அவருடைய நடிப்பு என்று ஊர் இன்னும் சிரித்தது. கையை முன்னால் நீட்டி ஒரு அடி வைத்தார். அள்ளிப் போட்டிருந்த ஈர மண் சரிந்தது. கேமராவோடு குழிக்குள் போனார்.

என்ன ஊர் ஐயா அது. பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். செத்தவருடைய மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிக்காதவன் ஜெஃப்ரின் ஒருத்தன். மண்ணில் முழங்காலிட்டுக் கையை நீட்டினான். யேசுரத்தினம் அந்தக் கையைத் தேடினார். தலைக்கு மேலே தேடினார், பக்கவாட்டில் தேடினார். பிடித்துத் தூக்கியதும் இவன் முகத்தைத் தடவிப் பார்த்து, "யாருலே இது?" என்றார். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்து நிறைந்திருந்தது. உள்ளே படலம் கிழிந்து சுருண்டிருந்தது. ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும், அதற்குமேல் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். புரட்டாசியில் வந்திருந்தால் லேசர் வைத்து வலது கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்.

"நூலு மாதிரி ஓடினப்பவே வந்திருக்க வேண்டியதுதானே?"

"அது கம்ப்யூட்டர்லயாக்கும் ஓடிச்சு டாக்டரே" என்றார் யேசுரத்தினம். "நான் மட்டும் இல்ல, ஊரே பாத்துது."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு ஞானபாயைப் பார்த்தார். அவள் விசும்புகிற சத்தத்தையும் பேச்சு நின்றதையும் வைத்தே யேசுரத்தினத்துக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் ஊர் வந்து சேருகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாலேயே பிழைத்த மனுஷன்.

ஊரில் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. சிலுவை எதிர்ப்படாமல் சுற்றிப் போனான். லிஜின் ஒரு மீனைப் பையில் போட்டு வேலியில் தொங்கவிட்டுவிட்டு ஓடிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஜெஃப்ரின் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்க என்றால் வாயில் வார்த்தை இல்லை.

ஞானபாய் அவனைக் கண்டதும் கையிலிருந்த முறத்தைத் தரையில் போட்டாள்.

"எதுக்குலே வந்த? பாத்துட்டுப் போவியா? பாரு, நல்லாப் பாரு. வேலியில நின்னு உனக்க கையைப் புடிச்சுக் கேட்டேனேலே. ஒரு வார்த்தை. மெய்யின்னு ஒரே ஒரு வார்த்தை. நீ நல்லா இருப்பியா? உனக்க கண்ணுல புழு விழாதா?"

ஜெஃப்ரின் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கட்டிலில் படுத்திருந்த யேசுரத்தினம் தலையைத் தூக்காமலே பேசினார்.

"விடு ஞானபாய்."

"எப்பிடி விட? மொத நாளே ஒண்ணும் தெரியல்லன்னு இவன் சொல்லியிருந்தா?"

யேசுரத்தினம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன் தெரியுமா? நேரா சிலுவைக்க கடைக்குப் போயிருப்பேன். கம்ப்யூட்டரு பாக்க வந்தவனுக்குக் கண்ணு குருடுன்னு சொல்லிச் சிரிச்சிருப்பேன். அவனுக்கு ஒரு புதுப் பேரு வச்சிருப்பேன்."

ஞானபாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. யாரும் அவளை அழச் சொல்லவில்லை.

ஜெஃப்ரின் இன்னும் நின்றுகொண்டிருந்தான். வெயில் ஜன்னல் வழியே கட்டில்மேல் விழுந்திருந்தது. யேசுரத்தினம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஏதோ வெட்டமாட்டு இருக்கு. லைட்டு எரியுதோ?"

ஜெஃப்ரின் மேலே பார்த்தான். டியூப்லைட் எரியவில்லை. 'இல்ல மாமா, வெயிலாக்கும்' என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு சுவிட்ச் இருக்கிற வாசல் பக்கம் பார்த்தான்.

"போவப்பம் அணைச்சிட்டுப் போலே. கரண்டு வீணாப் போவுது."

"செரி மாமா" என்றான். சுவிட்ச் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று வாசல் பக்கம் போய் அழுத்தினான். பட்டப்பகலில் லைட் எரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.